தீயை அடக்கி உடலில் தங்கும் புரோமின்

சாதாரண வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் ஒரே அலோகத் தனிமம் புரோமின். செம்பழுப்பு நிறமும் மூக்கைத் துளைக்கும் நெடியும் கொண்டது. 1826இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் அந்துவான் ஜெரோம் பலார் என்ற இளம் வேதியியலாளர், உப்பு எடுத்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இன்று சாக்கடலும் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து நிலத்தடி உவர்நீரும் இதற்குப் பெரிய ஊற்றுகள். இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதி உவர்நீரிலிருந்து எடுக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புரோமினை அதிகம் வாங்கியது பெட்ரோல் தொழில். ஈயம் கலந்த பெட்ரோல் எரியும்போது இயந்திரத்துக்குள் ஈயம் படியாமலிருக்க ஒரு புரோமின் சேர்மத்தைக் கலப்பார்கள். 1970களில் ஈயப் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் அந்தச் சந்தை சுருங்கத் தொடங்கியது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் பிளாஸ்டிக் பெருகியதும் அதே காலத்தில்தான். புரோமினின் அடுத்த பெரிய சந்தையாகத் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் எழுந்தன.

பருத்தி, கம்பளி, மரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருள்கள் தீப்பிடித்ததும் வேகமாகவும் மிகுந்த வெப்பத்தோடும் எரியும். சோபாவுக்கும் மெத்தைக்கும் உள்ளே வைக்கும் பாலியூரித்தேன் ஃபோம் சில நிமிடங்களில் உருகிக் கொழுந்துவிடும். பொருள் சூடேறி வாயுவாகப் பிரியும்போது, அந்த வாயுதான் சுடராக எரிகிறது. ஹைட்ரஜனின் தனியணுக்களும் ஹைட்ராக்சில் துணுக்குகளும் ஒன்றையொன்று தூண்டி அந்த எரிதலை நடத்துகின்றன. புரோமின் கலந்த பிளாஸ்டிக் சூடேறினால், பிளாஸ்டிக் சிதையத் தொடங்கும் அதே வெப்பநிலையில் புரோமினும் விடுபட்டு ஹைட்ரஜன் புரோமைடாகி, அந்தத் துணுக்குகளைப் பிடித்து அடக்கிவிடுகிறது. சங்கிலி அறுந்து சுடர் தளர்கிறது. குளோரினைவிட இந்த வேலையைத் திறமையாகச் செய்வதாலும், அயோடினைப் போல எளிதில் சிதையாததாலும் தொழிற்சாலைகள் புரோமினைத் தேர்ந்தெடுத்தன.

இந்தக் குடும்பத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உண்டு. அதிகம் பேசப்படுபவை நான்கு வகை. பி.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிபுரோமினேட்டட் பைபீனைல்கள் முதல் வகை. பி.பி.டி.ஈ. எனப்படும் பாலிபுரோமினேட்டட் டைபீனைல் ஈதர்கள் இரண்டாவது. சந்தையில் பென்டா, ஆக்டா, டெகா என மூன்று கலவைகளாக விற்கப்பட்டவை இவை. கட்டடச் சுவர்களில் பதிக்கும் பாலிஸ்டைரீன் பலகைகளில் கலந்த எச்.பி.சி.டி. மூன்றாவது. கணினி, கைபேசி முதலியவற்றின் மின்சுற்றுப் பலகைகளில் உள்ள டி.பி.பி.பி.ஏ. நான்காவது. 2001ஆம் ஆண்டில் உலகம் வாங்கிய டி.பி.பி.பி.ஏ. ஏறத்தாழ 1,20,000 டன். டெகா 56,000 டன்னுக்குச் சற்று அதிகம். பென்டா 7,500 டன்தான். ஆனால் அதில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பங்கு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் பயன்பட்டது. இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணமான ஒரு சட்டம் பின்னால் வரும்.

ஆபத்தை அளக்கும்போது, இந்த வேதிப்பொருள் பிளாஸ்டிக்கோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மின்சுற்றுப் பலகையில் உள்ள டி.பி.பி.பி.ஏ.வின் பெரும்பகுதி, பலகையின் பிசினோடு வேதிப்பிணைப்பால் ஒன்றாகிவிட்டது, எளிதில் வெளியேறாது. பென்டா, டெகா, எச்.பி.சி.டி. ஆகியவை அப்படியல்ல. மணலில் கலந்த சர்க்கரையைப் போலக் கலந்து கிடக்கின்றனவே தவிர, பிளாஸ்டிக்கின் மூலக்கூறோடு அவற்றுக்குப் பிணைப்பு எதுவும் கிடையாது. அளவும் சிறிதல்ல. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்கூட்டில் எடையில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குகூட டெகாவாக இருக்கும். பொருள் தேய, சூடேற, பழசாக, அது ஆவியாகவும் துகளாகவும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

இவை உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் முதலில் அறிந்தது ஒரு மூட்டைக் குழப்பத்தால். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பைன் ஆற்றங்கரையில், நிலத்தடி உவர்நீரிலிருந்து பல பொருள்கள் செய்துவந்தது மிச்சிகன் கெமிக்கல் நிறுவனம். அவற்றில் இரண்டு இந்தக் கதைக்கு முக்கியம். ஒன்று நியூட்ரிமாஸ்டர், பால்மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடு. மற்றொன்று ஃபயர்மாஸ்டர், பிளாஸ்டிக்கில் கலக்கும் பி.பி.பி. பெயர்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் வழக்கமாக மூட்டைகளின் அச்சு வேறு வேறாக இருக்கும். 1973இல் காகிதத் தட்டுப்பாட்டால் அச்சிட்ட மூட்டைகள் கிடைக்காமல், வெற்றுப் பழுப்பு மூட்டைகளில் பெயரை மட்டும் பொறித்து அனுப்பினார்கள். ஐம்பது பவுண்டு எடையுள்ள ஃபயர்மாஸ்டர் மூட்டைகள் சில, நியூட்ரிமாஸ்டர் என்ற எண்ணத்தில் பேட்டில் கிரீக் நகரின் தீவன ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அரைத்துக் கலந்து, மாநிலமெங்கும் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டன.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் மாடுகள் தீவனத்தைத் தொடாமல் நின்றன. பால் வற்றியது, மயிர் உதிர்ந்தது, குளம்பு கோணலாக வளர்ந்தது, கன்றுகள் செத்தன. பேட்டில் கிரீக்குக்கு அருகில் பண்ணை வைத்திருந்த ரிக் ஹால்பர்ட் வேதிப்பொறியியல் படித்தவர். மற்றவர்கள் பராமரிப்பில் குறை என்று சொன்னபோது அவர் ஏற்கவில்லை. கன்றுகளுக்கு அந்தத் தீவனத்தைத் தனியே கொடுத்துப் பார்த்தார். சொந்தச் செலவில் ஆய்வகம் ஆய்வகமாக மாதிரிகளை அனுப்பினார். பல மாதங்களுக்குப் பிறகு, 1974இன் வசந்த காலத்தில், அரசு வேளாண் ஆய்வாளர் ஒருவர் தீவனத்தில் இருந்தது பி.பி.பி. என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குள் பாலும் இறைச்சியும் முட்டையும் மிச்சிகன் மக்களின் சாப்பாட்டு மேசைக்குப் போய் ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது.

அடுத்து நடந்தது பெரிய அழிப்பு. சுமார் 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் ஆயிரக்கணக்கான பன்றிகளும் கொன்று புதைக்கப்பட்டன. ஐம்பது லட்சம் முட்டைகள் அழிக்கப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பண்ணைகளுக்கு முத்திரை வைத்தார்கள். குறைந்த அளவில் கலப்படமான மந்தைகள் மட்டும் தப்பின. அனுமதிக்கத்தக்க அளவு எது என்பதில் அரசு தடுமாறியது. முதலில் இறைச்சிக் கொழுப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றார்கள், பிறகு 0.3 என்றார்கள், 1977இல் மாநில அரசு அதை 0.02 ஆக்கியது. முதல் வரம்பில் விற்கலாம் என்று விடப்பட்ட மாட்டிறைச்சி, கடைசி வரம்பின்படி ஐம்பது மடங்கு நச்சு என்றாகிவிட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மனிதர்களைப் பொறுத்தவரை யாரும் உடனே சுருண்டு விழவில்லை. இந்த வகை நஞ்சின் இயல்பே அதுதான். பி.பி.பி. கொழுப்பில் கரைந்து தங்கிவிடும். மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். 1970களின் பின்பகுதியில் தொடங்கிய பதிவேட்டில் ஏறத்தாழ 4,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களையும் அவர்களது பிள்ளைகளையும் பின்தொடரும் ஆய்வைப் பிறகு அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் ஏற்று நடத்திவருகிறது. கருவில் இருந்தபோது அதிக அளவு பி.பி.பி.யைப் பெற்று, பிறகு தாய்ப்பாலும் குடித்த பெண் குழந்தைகள், சராசரியாக 11.6 வயதில் பூப்பெய்தினார்கள். தாய்ப்பால் குடிக்காத பெண்களுக்கு அந்தச் சராசரி 12.7. தாய் சாப்பிட்ட ஒன்று மகளின் உடல் எப்போது பருவமடைய வேண்டும் என்பதை மாற்றியிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மிச்சிகன் மக்கள் பலரின் இரத்தத்தில் மற்ற அமெரிக்கர்களைவிடக் கூடுதலாக பி.பி.பி. இருந்தது. 1978இல் தொழிற்சாலையை மூடி, இடித்து, அந்த இடத்திலேயே புதைத்துவிட்டார்கள். பைன் ஆற்றையும் ஊரையும் தூய்மையாக்கும் வேலை பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது.

பி.பி.பி. போனதும் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் இடத்தைப் பிடித்தன. டிரிஸ் என்ற புரோமின் சேர்மம் அமெரிக்கக் குழந்தைகளின் இரவு உடைகளில் தோய்க்கப்பட்டது. குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பிடிக்கக் கூடாது என்ற சட்டம் வந்ததால், செயற்கை இழைத் துணிகளில் அதை ஏற்றினார்கள். 1977 ஜனவரியில் பெர்க்லியின் வேதியியலாளர் ஆர்லீன் புளூமும் உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். டிரிஸ் மரபணுவைச் சிதைக்கிறது, புற்றுநோயும் உண்டாக்கக்கூடும், அதை ஏன் குழந்தையின் தோல்மேல் போர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று மாதங்களில் அந்த உடைகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. ஒரு கட்டுரை இவ்வளவு விரைவில் பலன் தந்தது அரிது. மறு ஆண்டே புளூம், பெண்கள் மட்டுமே கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கி இமயமலையின் அன்னபூர்ணா சிகரத்துக்குப் போனார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அவர் இந்தத் துறைக்குத் திரும்பியபோது, டிரிஸின் குளோரின் வடிவம் அமெரிக்க சோபாக்களுக்குள் இருந்தது. இரவு உடைகளில் புரோமின் டிரிஸுக்கு மாற்றாக வந்து, அங்கிருந்தும் விலக்கப்பட்ட அதே சேர்மம்.

பி.பி.டி.ஈ. வகையின் பரவலை முதலில் கண்டது ஸ்வீடன். துணி ஆலைகள் நிறைந்த விஸ்கான் ஆற்றின் மீன்களில் அது இருப்பதை 1981இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. உலகை உலுக்கிய தகவல் 1998இல் வந்தது. ஸ்டாக்ஹோமில் ஒரு தாய்ப்பால் வங்கி, 1972 முதல் சேமித்த பால் மாதிரிகளை உறையவைத்து வைத்திருந்தது. அவற்றைச் சோதித்தபோது, 1972இல் ஒரு கிராம் பால்கொழுப்பில் 0.07 நானோகிராமாக இருந்த பி.பி.டி.ஈ., 1997இல் 4 நானோகிராமாக உயர்ந்திருந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை இரட்டித்திருக்கிறது என்று பொருள். அதே மாதிரிகளில் டி.டி.டி., பி.சி.பி. ஆகிய பழைய நஞ்சுகள் தடைகளின் பயனாகக் குறைந்துகொண்டிருந்தன. ஐரோப்பா விழித்துக்கொண்டது, பென்டா பயன்பாடு சரிய, ஸ்வீடன் தாய்மாரின் பாலில் அந்த அளவு இறங்கத் தொடங்கியது.

அமெரிக்காவில் பார்த்தால் ஸ்வீடனின் உச்சமே அற்பமாகத் தெரிந்தது. டெக்சாசில் 47 தாய்மாரின் பாலைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி ஒரு கிராம் கொழுப்புக்கு 74 நானோகிராம். அதற்கு வேர் கலிபோர்னியா மாநிலத்தின் 1975ஆம் ஆண்டு விதி ஒன்று. தொழில்நுட்ப அறிக்கை 117 என்பது அதன் பெயர். இருக்கைக்குள் வைக்கும் ஃபோம், சிறு சுடரைப் பன்னிரண்டு விநாடி தாங்க வேண்டும் என்றது அந்த விதி. வேதிப்பொருள் கலக்கச் சொல்லவில்லை. ஆனால் கலக்காமல் தேர்வு பெற மலிவான வழி இல்லை. கலிபோர்னியாவின் சந்தை பெரிது. அதற்கென்று தனி சோபா செய்வதைவிட எல்லா மாநிலத்துக்கும் ஒரே மாதிரி செய்வது தொழிலுக்குச் சுலபம். இப்படி ஒரு மாநிலத்தின் விதி ஒரு கண்டத்தின் வீடுகளுக்குள் பென்டாவைக் கொண்டுவந்து சேர்த்தது.

அந்தச் சோதனை உயிரைக் காத்ததா? சோபாவில் தீ பிடிக்கும்போது முதலில் எரிவது மேல்துணி. அது பற்றி எரியும்போது சுடர், சோதனையில் காட்டிய மெழுகுவத்திச் சுடரைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடும். அதன்முன் உள்ளே இருக்கும் ஃபோம் தாக்குப்பிடிப்பதில்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் சோதனைகளிலும், வேதிப்பொருள் கலந்த ஃபோமுக்கும் கலக்காத ஃபோமுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மாறாக, புரோமின் கலந்த பொருள் எரியும்போது கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடுகின்றன. தீ விபத்தில் சாவோர் பெரும்பாலும் புகையால் சாகிறார்கள். சோபா தீயின் முக்கியக் காரணம் அணையாமல் விழுந்த சிகரெட். தானே அணையும் சிகரெட்டைச் செய்யச் சொல்லி நெருக்கடி வந்தபோது, பழியைச் சோபாவின் மேல் திருப்ப அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் பணம் செலவிட்டதை 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் 2012இல் ஆவணங்களோடு வெளிப்படுத்தியது. தீயணைப்பு வீரர்களும் மருத்துவர்களும் அடங்கிய பொதுநல அமைப்பு என்று காட்டிக்கொண்ட ஒன்று, உண்மையில் மூன்று பெரிய புரோமின் நிறுவனங்களின் பணத்தில் நடந்தது என்பதையும் அதே தொடர் காட்டியது. மறு ஆண்டு கலிபோர்னியா விதியை மாற்றியது. புதிய சோதனை சுடரை விட்டுவிட்டு, புகைந்துகொண்டிருக்கும் சிகரெட்டை மேல்துணி தாங்குகிறதா என்று பார்க்கிறது. வேதிப்பொருள் இல்லாமலே அதில் தேறலாம்.

விமானத்தின் உட்புறம், மின்கம்பி, அதிக வெப்பம் உண்டாகும் மின்கருவி ஆகியவற்றில் தீத்தடுப்புக்குத் தேவை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அங்கேயும் வேதிப்பொருள் ஒன்றே வழியல்ல. உலோகக் கூடு, தடிமனான காப்பு, குறைந்த மின்னழுத்த வடிவமைப்பு என்று வேறு வழிகள் இருக்கின்றன. குழந்தையின் கார் இருக்கை, தலையணை, நாற்காலி ஆகியவற்றின் கதை வேறு.

வீட்டுக்குள் இந்த வேதிப்பொருள் உடலுக்குள் போகும் முதன்மையான பாதை தூசு. டி.டி.டி., பி.சி.பி. போன்ற பழைய நஞ்சுகள் உணவின் வழியே வந்தன என்பதால், தொடக்கத்தில் ஆய்வாளர்கள் மீனையும் வெண்ணெயையுமே துருவினார்கள். அமெரிக்கர்களின் உடலில் இருந்த அளவுக்கு உணவுக் கணக்கு போதவில்லை. விடை தரையில் கிடந்தது. ஃபோமிலிருந்தும் மின்கருவிக் கூட்டிலிருந்தும் உதிர்வது தூசில் படிகிறது; தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தை அதை உண்கிறது. அமெரிக்கத் தாய்மாரையும் அவர்களது நடைபயிலும் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், குழந்தைகளின் இரத்தத்தில் தாயைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பி.பி.டி.ஈ. இருந்தது. சோபாவில் படுத்து உடம்பை நக்கித் துடைக்கும் வீட்டுப் பூனைகளில் அது மனிதரைவிட 20 முதல் 100 மடங்கு. 1970களின் இறுதியிலிருந்து பூனைகளுக்குத் தைராய்டு மிகைநோய் பெருகியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். உறுதியான முடிவு எட்டப்படவில்லை.

தைராய்டைப் பற்றிய ஐயம் எங்கிருந்தோ வந்ததல்ல. தைராக்சின் என்ற ஹார்மோனின் மூலக்கூறில் இரண்டு வளையங்கள் ஓர் ஆக்சிஜன் அணுவால் இணைந்திருக்கின்றன. வளையங்களில் அயோடின் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. பி.பி.டி.ஈ.யின் எலும்புக்கூடும் அதேதான். அயோடினுக்குப் பதில் புரோமின். உடலுக்குள் கல்லீரல் அதில் ஒரு ஹைட்ராக்சில் சேர்த்துவிட்டால் ஒற்றுமை இன்னும் நெருங்குகிறது. இரத்தத்தில் தைராக்சினைச் சுமந்து செல்லும் புரதத்தில் அது இடம்பிடித்து, உண்மையான ஹார்மோனைத் தள்ளிவிடக்கூடும். ஆய்வக எலிகளில் பி.பி.டி.ஈ. கொடுத்தால் தைராக்சின் குறைகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி, முதல் மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அதனால் கர்ப்பிணியின் உடலில் உள்ள அளவே ஆய்வாளர்களின் முதல் கவலை.

கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, 2013இல் முடிவு வெளியிட்டது. கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் பி.பி.டி.ஈ. அதிகமாக இருந்த பிள்ளைகளுக்குக் கவனக்குறைவும், விரல்களை நுட்பமாக இயக்குவதில் தடுமாற்றமும், ஏழு வயதில் நுண்ணறிவு மதிப்பெண் குறைவும் காணப்பட்டன. நியூயார்க்கில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்த இன்னொரு ஆய்விலும் அதே திசையில் விடை வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அந்தப் பகுதியில் பிறந்த குழந்தைகளைக் கண்காணிக்கத் தொடங்கிய ஆய்வு அது. இப்படிப் பலவற்றை ஒன்றுசேர்த்து 2017இல் செய்த மதிப்பாய்வின்படி, தாயின் உடலில் பி.பி.டி.ஈ. பத்து மடங்கு உயர்ந்தால் பிள்ளையின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 3.7 புள்ளி குறைகிறது. ஒரு பிள்ளைக்கு அது தெரியக்கூட தெரியாது. ஒரு நாட்டின் மொத்தப் பிள்ளைகளுக்கும் சராசரி அவ்வளவு இறங்கினால், சிறப்புப் பயிற்சி தேவைப்படுவோர் எண்ணிக்கை கணிசமாக உயரும்.

புற்றுநோயைப் பொறுத்தவரை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பி.பி.பி.யையும் டி.பி.பி.பி.ஏ.வையும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் விலங்குச் சோதனையும் உயிரணுக்களில் கண்ட விளைவுகளுமே பெரும் ஆதாரம். மனிதரில் நேரடிச் சான்று மெலிது. தீயணைப்பு வீரர் பணியையே புற்றுநோய்க் காரணி என்று அதே முகமை 2022இல் அறிவித்தது. எரியும் வீட்டின் புகையில் இருக்கும் பல நஞ்சுகளில் புரோமின் சேர்மங்களும் அடக்கம்.

வீட்டிலிருந்து வெளியேறிய புரோமின், துணி துவைத்த நீரோடும் சாக்கடையோடும் ஆற்றுக்குப் போகிறது. காற்றில் ஆவியாகி ஒவ்வொரு தாவலாக வடதுருவம் வரை போய்க் குளிரில் படிகிறது. தொழிற்சாலையே இல்லாத கனடாவின் ஆர்க்டிக் கரையில், சீல்களின் கொழுப்பில் பி.பி.டி.ஈ. 1981 முதல் 2000 வரை பன்மடங்காக உயர்ந்தது. சிறு மீனைத் தின்னும் பெரிய மீன், அதைத் தின்னும் சீல் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். கலிபோர்னியா நகரங்களில் கூடு கட்டும் பொரி வல்லூறுகளின் முட்டைகளிலும், அமெரிக்க-கனடா மேற்குக் கரையின் கொலைத் திமிங்கிலங்களிலும் உயர்ந்த அளவுகள் பதிவாகின. டெகாவின் மூலக்கூறு பெரிது, உயிருக்குள் எளிதில் புகாது, ஆகவே ஆபத்தற்றது என்று உற்பத்தியாளர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். வெயிலில் கிடந்தாலும் மீனின் உடலுக்குள் போனாலும் அது ஒவ்வொரு புரோமினாக இழந்து, தடை செய்யப்பட்ட சிறிய உறவினர்களாக மாறுகிறது என்பது பின்னர் தெரிந்தது.

தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பென்டாவையும் ஆக்டாவையும் ஐரோப்பா 2004இல் நிறுத்தியது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஒரே உற்பத்தி நிறுவனமும் நிறுத்தியது. நிலைத்த கரிம மாசுகளைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இல் அவற்றையும் ஒரு பி.பி.பி.யையும், 2013இல் எச்.பி.சி.டி.யையும், 2017இல் டெகாவையும் தன் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2018 மார்ச்சில் வெளியிட்ட விதிகளில் பென்டா, ஆக்டா, ஒரு பி.பி.பி., எச்.பி.சி.டி. ஆகியவற்றைத் தடை செய்தது. மின்கருவிகளில் பி.பி.பி.யும் பி.பி.டி.ஈ.யும் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு, அதற்கு முன்பே மின்கழிவு விதிகளில் இருந்தது.

எனினும் சந்தையில் ஒன்று போனால் இன்னொன்று வந்துவிடுகிறது. பென்டாவின் இடத்தில் வந்த கலவைக்குப் பெயர் ஃபயர்மாஸ்டர் 550. மிச்சிகன் மாடுகளைக் கொன்ற அதே வணிகப் பெயர், யாருக்கும் அது உறுத்தவில்லை போலும். 2008இல் அதன் கூறுகள் வீட்டுத் தூசில் கண்டறியப்பட்டன. 2013இல் வெளியான எலி ஆய்வில் உடல் பருமனும் முன்கூட்டிய பருவமடைதலும் தெரிந்தன. டெகாவுக்கு மாற்றாக வந்த டெகாபுரோமோடைபீனைல் ஈத்தேனில், இரண்டு வளையங்களுக்கு நடுவே இருந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டு இரண்டு கார்பனை வைத்திருக்கிறார்கள். மற்றபடி அதே பத்து புரோமின். ஒவ்வொன்றாகச் சோதித்துத் தடை செய்யப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. மாற்றுப் பொருள் சந்தைக்கு வர ஒன்றிரண்டு ஆண்டு போதும். அதனால்தான் 2010இல் 22 நாடுகளின் 145 அறிவியலாளர்கள், இந்தச் சேர்மங்களை ஒரே வகுப்பாகப் பார்க்கவேண்டும் என்று சான் அன்டோனியோ அறிக்கையில் கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் திரைக்கருவிகளின் கூட்டிலும் தாங்கியிலும் புரோமினும் குளோரினும் அடங்கிய ஆலசன் தீத்தடுப்புகள் அனைத்தையும் விலக்கியது. கலிபோர்னியா 2020 முதல் மெத்தை, சோபா, குழந்தைப் பொருள்களில் தீத்தடுப்பு வேதிப்பொருள்களின் விற்பனையையே கட்டுப்படுத்தியிருக்கிறது.

விற்பனை நின்றாலும் முன்பு விற்றவை எங்கேயோ இருக்கின்றன. சீனாவின் குவெய்யு, கானாவின் அக்பாக்புளோஷி, தில்லியின் சீலாம்பூர் எனப் பழைய கணினிகளையும் தொலைக்காட்சிகளையும் பிரிக்கும் இடங்களில் செம்புக்காகக் கம்பிகளையும் பலகைகளையும் திறந்த வெளியில் எரிப்பது வழக்கமாக இருந்தது. தாழ்ந்த வெப்பத்தில் இப்படி எரியும்போது புரோமின் கொண்ட டையாக்சின்களும் ஃபியூரான்களும் உருவாகின்றன. அவை மூலப்பொருளைவிடக் கொடியவை. அந்தத் தூசு குழந்தைகளின் காலோடு வீட்டுக்குள் வருகிறது. காயலாங்கடையிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக்காக அரைபட்டுப் போகும் மிச்சம், பொம்மையாகவும் சமையல் கரண்டியாகவும் திரும்பி வருகிறது. கறுப்புக் கரண்டியில் நஞ்சு என்ற செய்தி 2024இல் உலகெங்கும் பரவியதற்கு அடிப்படையான ஆய்வில் ஒரு பெருக்கல் பிழை இருந்தது. ஒரு கிலோ எடைக்கு 7,000 நானோகிராம் என்ற டெகா வரம்பை 60 கிலோவால் பெருக்கினால் 4,20,000 வரும். ஆய்வாளர்கள் 42,000 என்று போட்டிருந்தார்கள். ஆகவே கரண்டியால் வரக்கூடியதாக அவர்கள் மதிப்பிட்ட 34,700 நானோகிராம், வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிறகு திருத்தம் வெளியிட்டார்கள். தொலைக்காட்சிக் கூட்டின் நஞ்சு சமையலறைக் கரண்டியில் இருந்தது என்ற கண்டுபிடிப்பை அந்தப் பிழை மாற்றவில்லை.

மறுசுழற்சியில் புரோமின் கலந்த துண்டுகளைப் பிரிப்பது முடியாத வேலையல்ல. புரோமின் கனமானது என்பதால் அது கலந்த பிளாஸ்டிக் உப்புக் கரைசலில் மூழ்கும், மற்றது மிதக்கும். எக்ஸ்-கதிர்க் கருவியால் ஒவ்வொரு துண்டையும் நொடியில் சோதிக்கலாம். பிரித்தெடுத்ததை மிக உயர்ந்த வெப்பமும் புகைத் தூய்மையாக்கமும் உள்ள உலையில் எரிக்க வேண்டும். செலவு அதிகம், பிரிக்காமல் அரைத்து விற்றால் லாபம். பென்டாவும் ஆக்டாவும் கலந்த பொருள்களை மறுசுழற்சி செய்ய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கொடுத்த விதிவிலக்கு, அதை ஏற்றுப் பதிவு செய்த நாடுகளுக்கு 2030 வரை நீடிக்கிறது.